மூன்றாம் ஓலை

எதையும் இரண்டு தடவை செய்தால்தான் எனக்கு மனசு அடங்கும். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்தபின் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபின், இது சுங்கை பட்டாணிக்குத்தான் போகிறதா என்று கண்டக்டரிடம் கேட்பேன். சிடாம் கிரிப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக்கு வந்ததே ஒரே ஒரு பஸ்தான். "தம்பி, நேத்து எங்க போச்சோ இன்னைக்கும் அங்கதான் லா போகும்" என்று அவர் அலுத்துக்கொள்வார். நான் மறுநாளும் கேட்பேன்.

இந்தப் பயம் எனக்கு எப்போது பிடித்தது என்று நன்றாகத் தெரியும். எழுபதுகளில் அப்பா ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்த நேரம் போக, மாதா கோவில் உபதேசியாருக்கு ஒத்தாசையாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசிக்க வேண்டிய அறிவிப்புகளைத் தயாரிப்பது அவர் வேலை. எந்தத் தோட்டத்தில் இந்த மாதம் பூசை, யாருக்கு உடம்பு சரியில்லை, யாருடைய ஆத்துமத்துக்காக இன்று பூசை என்பதையெல்லாம் வாரம் முழுக்கக் கேட்டு, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போவார். ஒரு வாரம் ஒரு பெயரை எழுத மறந்துவிட்டார். இறந்துபோன ஓர் அம்மாளுக்கு முதலாம் ஆண்டுப் பூசை அன்று. கோலா கெத்திலிலிருந்து அந்தக் குடும்பம் மொத்தமும் வெள்ளை உடுத்திக்கொண்டு லாரியில் வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தது. பெயர் வாசிக்கப்படவில்லை. பூசை முடிந்து அவர்கள் அப்பாவைப் பார்த்த பார்வையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு அப்போது பத்து வயது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் ஒருவரும் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்பாவுக்குக் கண் மங்கியதும் அந்த வேலை என் தலையில் விழுந்தது. எண்பதுகளின் நடுவில் நான் சுங்கை பட்டாணியில் ஒரு தோட்டக் கம்பெனியின் வட்டார அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். எங்கள் கெடா மாநிலத்தில் பள்ளிக்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் வெள்ளிக்கிழமை லீவு. எங்கள் கம்பெனிக்குத் தலைமை அலுவலகம் பினாங்கில் இருந்ததால் சனி அரை நாள், ஞாயிறு லீவு. ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லாத் தோட்டங்களுக்கும் போன் போட்டு, எத்தனை நாள் மழை, எத்தனை நாள் மரம் வெட்டவில்லை, எந்தப் பாதை உடைந்திருக்கிறது என்று கேட்டு வாரக் குறிப்பு எழுத வேண்டும். அந்த வருஷம்தான் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மூன்று டெர்மினல்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. பொருத்திக் கொடுக்க வந்தவர் ஒரு தடித்த கையேட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் அதன்மேல் டீ கிளாஸ் வைத்தார்கள். நான் படித்தேன். ஆர்வம் என்று சொல்ல மாட்டேன், எதையாவது தப்பாகத் தட்டிக் கெடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் படித்தேன்.

படித்துக்கொண்டு போகையில் ஷெல் ஸ்கிரிப்ட் என்ற ஒன்று வந்தது. பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. வாராவாரம் கையால் தட்டும் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால், பிறகு அந்தப் பெயரை மட்டும் தட்டினால் போதும். தேதியை அதுவே போடும், போன வாரத்தில் முடியாத விஷயங்களை இந்த வாரத்துக்குக் கொண்டுவரும், முடிந்ததைத் தள்ளிவிடும். முதன்முதலாக அது சரியாக ஓடிய அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறதி என்ற ஒன்றே இல்லாத ஆளை வேலைக்கு வைத்துக்கொண்டதாக நினைத்தேன்.

மானேஜர் சீனர், நல்ல மனுஷர். சனிக்கிழமை வேலை முடிந்தபின் கோவில் அறிவிப்பையும் அதிலேயே செய்துகொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "போலே லா", தாராளமாகச் செய் என்றார். காகிதத்தை மட்டும் வீணாக்காதே என்றார். அந்த மெஷினுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டினேன். உபதேசியார் அதைப் பார்த்துத் தமிழாகவே வாசித்துவிடுவார், ஒரு வாரப் பழக்கம்தான்.

கோவில் அறிவிப்பில் எனக்கு அதிகத் தலைவலி கொடுத்தது கல்யாண ஓலை. எங்கள் வேதத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு விடாமல் மாப்பிள்ளை, பெண் பெயர்களைக் கோவிலில் வாசிக்க வேண்டும். முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. ஏதாவது தடை இருப்பது தெரிந்தவர்கள் சாமியாரிடம் வந்து சொல்ல வேண்டும். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் கல்யாணம் தள்ளிப்போகும். அதனால் ஓலைக்கென்று தனியாக ஒரு பெயர்க் கோப்பு வைத்தேன். பெயர்களையும் முதல் ஓலை எந்த ஞாயிறு என்பதையும் ஒரு தடவை எழுதிவிட்டால், இது எத்தனையாவது ஓலை என்று ஸ்கிரிப்டே எண்ணிக்கொள்ளும். ஆள் யாரும் ஒன்றும் சொல்லாவிட்டாலும் ஓலை தானாக நடந்துகொண்டிருக்கும். இதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று சொல்லி முடியாது.

ஸ்கிரிப்டையும் நான் இரண்டு தடவைதான் ஓட்டுவேன். முதல் தடவை திரையில் பார்க்க. இரண்டாவது தடவை அச்சடிக்க.

அந்தத் தை மாதத்தில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அக்கா எனக்கு இரண்டு வயது மூத்தவள், தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பாலிங் பக்கத்துத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவர். அந்த வருஷம் சீனப் பெருநாளும் விபூதிப் புதனும் ஒரே வாரத்தில் வந்தன. பெருநாள் லீவில் எல்லாரும் வருவார்கள், அந்தப் புதனோடு ஈஸ்டர் வரைக்குமான தவசு காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் கூடாது, எனவே விபூதிப் புதனுக்கு முந்திய திங்கட்கிழமை என்று நாள் வைத்தார்கள். எண்ணிப் பார்த்தால் ஓலைக்குச் சரியாக மூன்று ஞாயிறு இருந்தது. ஒன்றுகூட மிச்சமில்லை.

ஓலைக்கு முன்னால் சாமியார் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியே கூப்பிட்டுச் சம்மதம் கேட்டு எழுதுவார். அக்காவோடு அம்மாவும் போய் உட்கார்ந்துகொண்டார். "சம்மதமா?" என்று சாமியார் கேட்டார். "சம்மதந்தான் ஃபாதர்" என்று அம்மா சொன்னார். அக்கா தலையைக் குனிந்திருந்தாள். கூச்சம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

முதல் ஓலை வாசித்து மூன்றாம் நாள், நான் வேலை முடிந்து வரும்போது அக்கா பஸ் நிற்கும் இடத்தில் எனக்காகக் காத்திருந்தாள். இரண்டு பேரும் ரப்பர் மரங்களுக்கு நடுவே வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் நின்றாள்.

"தம்பி, ஓலைய நீதானே எழுதுற?"

"ஆமா."

"இந்த வாரம் என் பேர விட்டுடு."

அவள் நிதானமாகச் சொன்னாள். போன வருஷம் அலோர் ஸ்டார் அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். இன்டர்வியூவுக்கு, கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் வந்திருக்கிறாள். சேரச் சொல்லும் கடிதம், சூராட், ஈஸ்டருக்குள் வரும் என்றிருக்கிறார்கள். கல்யாணம் ஆகாதவர்களைத்தான் எடுப்பார்களாம். ஓர் ஓலை விட்டுப்போனால் கல்யாணம் அந்தத் திங்கட்கிழமை நடக்காது, தவசு காலம் முழுக்க நடக்காது. அதற்குள் கடிதம் வந்துவிடும்.

"ஃபாதர்கிட்ட நீயே சொல்லலாமே" என்றேன்.

"சொன்னா அம்மாவுக்குத் தெரியும். அப்புறம் அழுதே என்னை உக்கார வச்சிருவாங்க. ஒரு வரிதானே டா. மறந்துட்டேன்னு சொல்லிக்க."

மறந்துவிட்டேன் என்று சொல்லச் சொல்கிறாள், என்னிடம். ஆனாலும் சரி என்றேன். அவள் கேட்டு நான் மாட்டேன் என்று சொன்னதில்லை.

அந்தச் சனிக்கிழமை ஸ்கிரிப்டை ஓட்டினேன். திரையில் அறிவிப்பு வந்தது, இரண்டாம் ஓலை, அக்காவின் பெயர். உள்ளே போய் அந்த வரியை அழித்தேன். சேமித்தேன். திறந்து பார்த்தேன், வரி இல்லை. மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன், இல்லை. பிறகு வழக்கம்போல ஸ்கிரிப்டின் பெயரைத் தட்டி அச்சடிக்கக் கொடுத்தேன். பிரிண்டர் கிரீச் கிரீச்சென்று மூன்று பிரதி துப்பியது. டவுன் கோவிலுக்கு ஒன்று, கோலா கெத்திலுக்கு ஒன்று, பாலிங்குக்கு ஒன்று. அதற்குமேல் அந்தத் தாளைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மடித்து உறையில் போட்டு, உபதேசியார் வீட்டில் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

மறுநாள் பூசையில் நான் ஆண்கள் பக்கம் இருந்தேன். அக்கா எதிர்ப்பக்கம், முக்காடு போட்டுக்கொண்டு, அம்மாவுக்குப் பக்கத்தில். உபதேசியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். பூசை நேரம், நோயாளிகள், பாலிங் பூசை. பிறகு, "இரண்டாம் ஓலை" என்று ஆரம்பித்து அக்காவின் பெயரை முழுதாக, அப்பா பெயரோடு, தோட்டத்தின் பெயரோடு வாசித்தார். "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதை அறிந்தவர்கள் அதைச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." அக்காவின் முக்காடு அசையவே இல்லை.

வெளியே மாதா கெபிக்குப் பக்கத்தில் அவளைப் பிடித்தேன்.

"எடுத்துட்டேன்க்கா. சத்தியமா எடுத்துட்டேன். அது திரும்பப் போட்டிருச்சு."

"எது?"

"கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டருக்கு என் பேர் எப்படித் தெரியும்?"

"நான்தான் முதல்லயே எழுதி வச்சேன்."

"அப்ப நீதான்" என்று சொல்லிவிட்டு, பெண்களோடு போய் நின்றுகொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபின் ஸ்கிரிப்டை வரி வரியாகப் படித்தேன். தப்பு அதனிடம் இல்லை. ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் அது பழைய அறிவிப்பைத் தூக்கியெறிந்துவிட்டு, பெயர்க் கோப்பைப் பார்த்துப் புதிதாக ஒன்று எழுதும். அப்படி எழுத வைத்தவன் நான்தான். நான் வரியை அழித்தது அறிவிப்பில். பெயர்க் கோப்பில் அக்கா அப்படியே இருந்தாள். அச்சடிக்க இரண்டாவது தடவை ஓட்டியதும் அது மறுபடி எழுதிவிட்டது. ஒரு தடவையோடு நிறுத்தி, வரியை அழித்த அறிவிப்பை அப்படியே அச்சடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. என் ஜாக்கிரதைதான் அவளைக் கவிழ்த்தது.

காரணம் தெரிந்ததும் ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அடுத்த நிமிஷமே பயம் வந்துவிட்டது. மூன்றாம் ஓலை இன்னும் பாக்கி. அதை நிறுத்தினாலும் கல்யாணம் நிற்கும். இனிமேல் கம்ப்யூட்டர்மேல் பழி போட முடியாது.

அந்த வாரம் முழுக்க அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்பாள் என்று நான் காத்திருந்தேன். நான் சொல்வேன் என்று அவள் காத்திருந்திருக்க வேண்டும். வீட்டில் முறுக்கு வாசம். எங்கள் லயத்து வீட்டு வாசலில் ஓர் ஆட்டைக் கட்டி வைத்திருந்தார்கள். அப்பா பள்ளிக்கூடத்து நாற்காலிகளைக் கேட்டு வாங்கி அடுக்கியிருந்தார். வியாழக்கிழமை மாப்பிள்ளையே மோட்டாரில் வந்து, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, ரொம்ப நாளாக இரைந்துகொண்டிருந்த எங்கள் வீட்டு ரேடியோவைக் கழற்றிச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை, மறுநாள் சீனப் பெருநாள். மற்றவர்கள் எல்லாரும் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். பெயர்க் கோப்பைத் திறந்து அக்காவின் வரியை அழித்தேன். ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்தேன். அறிவிப்பில் அந்த இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் வெள்ளை உடுத்தி முன் வரிசையில் உட்கார்ந்திருந்த குடும்பம் கண்ணில் வந்தது. உபதேசியார் அதைத் தாண்டி வாசித்துப் போவார். அம்மா திரும்பி என்னைப் பார்ப்பார். பாலிங்கில் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நிற்பார். வரியைத் திரும்ப எழுதினேன். பிறகு பஸ் நிறுத்தத்தில் நின்ற அக்கா ஞாபகத்துக்கு வந்தாள். அழித்தேன். மறுபடி எழுதினேன். எத்தனை தடவை என்று தெரியாது. மானேஜர் வாசலில் நின்று சாவிக்கொத்தை ஆட்டினார். வீட்டில் பெருநாள் சாப்பாட்டுக்கு எல்லாரும் காத்திருக்கிறார்களாம். "செப்பாட் லா" என்று அவசரப்படுத்தினார். நான் அச்சடிக்கும் கட்டளையைத் தட்டினேன். அந்த நேரத்தில் வரி உள்ளே இருந்தது. நான் முடிவு எடுத்தேன் என்று சொன்னால் அது பொய்.

ஞாயிற்றுக்கிழமை டவுன் முழுக்கப் பட்டாசுச் சத்தம். அதற்கு நடுவே உபதேசியார் குரலை உயர்த்தி மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை இருப்பதை அறிந்தவர்கள் என்று வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பூசை முடிந்தது. அம்மாவைச் சுற்றிப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

பழைய அறிவிப்புத் தாள்களை வாங்கிக்கொள்ள வழக்கம்போலச் சாமியார் அறைக்குப் போனேன். அவர் அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். கதவைத் தட்டிவிட்டு அக்கா உள்ளே வந்தாள். அறிவிப்புப் பலகையிலிருந்து என் தாளைக் கழற்றி எடுத்து வந்திருந்தாள். இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட அந்தத் தாளை மேசையில் வைத்தாள். என்னை அவள் பார்க்கவில்லை.

"ஃபாதர், தடை இருந்தா வந்து சொல்லணும்னு வாசிச்சாங்க."

"ஆமாம்மா. யாருக்கு?"

"எனக்குத்தான். அன்னைக்கு நீங்க சம்மதமான்னு கேட்டப்ப அம்மா பதில் சொன்னாங்க. இப்ப நான் சொல்ல வந்திருக்கேன். எனக்குச் சம்மதம் இல்ல."

சாமியார் நாற்காலியில் உட்கார்ந்தார். "இத்தனை நாளா இத யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

"ஒருத்தர்கிட்டச் சொன்னேன்" என்றாள்.

யாரிடம் என்று அவர் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கையில் பழைய தாள்களோடு சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு என்மேல் அவ்வளவு அருவருப்பு வேறு எப்போதும் வந்ததில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை நீட்ட வேண்டாம். அம்மா அக்காவோடு பேசுவதை நிறுத்தினார். அப்பா நாற்காலிகளைப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பக் கொண்டுபோனார், நானும் கூடச் சுமந்தேன். பாலிங்கிலிருந்து நாலு பேர் வந்து வாசலில் நின்று கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார்கள். மாப்பிள்ளை வரவில்லை. ஆடு ஈஸ்டர் வரை உயிரோடு இருந்தது. ஈஸ்டர் முடிந்த வாரத்தில் சூராட் வந்தது. அக்கா ஒரு தகரப் பெட்டியோடு அலோர் ஸ்டார் பஸ் ஏறினாள். பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். "வரேன்" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா போன பிறகு ஸ்கிரிப்டில் ஒரு மாற்றம் செய்தேன். ஓலைக்கு வந்ததும் அது நின்றுவிடும். பெயரைத் திரையில் காட்டி, போடவா வேண்டாமா என்று என்னைக் கேட்கும். நான் பதில் தட்டாமல் இருந்தால் மேலே போகாது, அச்சும் அடிக்காது. தட்டுவதற்கு முன்னால் பெண்ணையோ பெண் வீட்டையோ போய்ப் பார்த்துக் கேட்டுவிட்டு வருவேன். எனக்கு வேலை கூடியது. இவனுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று கோவிலில் பேசிக்கொண்டார்கள்.

எண்பதுகள் முடியும் சமயத்தில் அக்கா தானே பார்த்து ஒருவரைக் கட்டிக்கொள்ள முடிவு செய்தாள். அவரும் அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். ஓலை எங்கள் கோவிலிலும் வாசிக்க வேண்டும். சனிக்கிழமை திரையில் அவள் பெயர் வந்து நின்றதும், நான் தாதிகள் விடுதிக்குப் போன் போட்டேன்.

"அக்கா, முதல் ஓலை. போடவா?"

"ம், போடு."

அடுத்த சனிக்கிழமையும் கேட்டேன். சிரித்தாள். "போடுடா."

மூன்றாம் சனிக்கிழமை கேட்டபோது அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா?"

"இருக்கேன்" என்றாள். பிறகு, "அன்னைக்கு அந்த வரிய நீ எடுத்திருந்தா நான் ஃபாதர் ரூமுக்குப் போயிருக்க மாட்டேன். பயந்து பயந்தே இருந்திருப்பேன்" என்றாள்.

நான் திரையில் நின்ற அவள் பெயரைப் பார்த்தேன்.

"அதுக்காக உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத. போடு."

போனை வைத்துவிட்டுப் பதிலைத் தட்டினேன். அன்று ஸ்கிரிப்டை ஒரு தடவைதான் ஓட்டினேன்.